பிலிமைப் பெட்டியில் போடாதீர்கள்!

விமானத்தில் காமிரா கொண்டு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கல்யாண் ரெயில் நிலையத்தில், ஊருக்குப் போகும் ரெயிலுக்காகக் காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களை என்றைக்கும் பார்க்கலாம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் வந்து நின்றால் போதும். பெட்டி, படுக்கை, தண்ணீர்ப் பாட்டில், சோற்றுப் பொட்டலம் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் உள்ளே ஏறிவிடும்.

அந்தப் பெட்டிக்குள் காமிராவும் இரண்டு பிலிம் சுருளும் இருந்த காலம் ஒன்று உண்டு. சேலைகளுக்கு நடுவே, அடிபடாமல், பத்திரமாகச் சுற்றி வைத்திருப்பார்கள். ஊரில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், குலதெய்வக் கோவில் பொங்கல் என்று எல்லாவற்றையும் படம் எடுத்து, அதே பெட்டியில் போட்டு, அதே ரெயிலில் திரும்பி வருவார்கள். பிறகு இங்கே ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவுவார்கள். ரெயில் பெட்டியில் வைத்ததால் பிலிம் கெட்டுப்போனது என்ற பேச்சே இருந்ததில்லை.

இன்று அம்பர்நாத் ஆலைத் தொழிலாளியும், கோட்டைப் பகுதி அலுவலகத்துக் குமாஸ்தாவும் அவசரம் என்றால் விமானத்தில் ஊருக்குப் போகிறார்கள். காலையில் இங்கே காப்பி, மதியம் மதுரையில் சாப்பாடு. பயணம் மாறிவிட்டது. பழக்கம் மட்டும் மாறவில்லை. காமிராவையும் பிலிமையும் துணிகளுக்கு நடுவே வைத்து, சூட்கேசைப் பூட்டி, விமானக் கம்பெனி கவுண்டரில் ஒப்படைத்துவிடுகிறார்கள்.

தவறு அங்கேதான் நடக்கிறது. பூட்டிய பெட்டிக்குள், யார் கையும் படாமல், அந்தப் பிலிம் கெட்டுப்போகலாம்.

பிலிம் இன்னும் இருக்கிறதா?

"எல்லாம் செல்போன் ஆகிவிட்டதே, பிலிம் யாரிடம் இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம்.

இருக்கிறது. இரண்டு வகையில் இருக்கிறது.

ஒன்று, இளைஞர்களிடம். அப்பாவின் பழைய காமிராவைத் தூசி தட்டி எடுத்து, கோடக், இல்போர்டு சுருள்களை வாங்கிப் போட்டு, ஆசையோடு படம் எடுக்கும் இளைஞர் கூட்டம் மறுபடியும் தோன்றியிருக்கிறது. கல்யாண வீடுகளில், எடுத்த உடனே படம் வெளியே வரும் இன்ஸ்டாக்ஸ் காமிராவும் பழக்கத்துக்கு வந்துவிட்டது. அதுவும் பிலிம்தான்.

மற்றொன்று, டிரங்குப் பெட்டிகளில். "அடுத்த மாதம் கழுவலாம்" என்று எடுத்து வைத்து, அப்படியே மறந்துபோன சுருள்கள். 20, 30 ஆண்டுகளுக்கு முன்பு எடுத்தவையாக இருக்கும். அதில் யார் முகம் இருக்கிறது என்பது கழுவிப் பார்க்கும் வரை தெரியாது. பழைய கருப்பு-வெள்ளைச் சுருளாக இருந்தால், பல ஆண்டுகள் கழித்தும் படம் கிடைக்க வாய்ப்பு உண்டு. கலர்ச் சுருளில் நிறம் மங்கியிருக்கலாம். ஆனாலும் ஆளை அடையாளம் காணலாம்.

இந்த இரண்டு வகைக்கும் விமான நிலையத்தில் ஒரே ஆபத்துதான். அதன் பெயர் எக்ஸ்ரே.

வெளிச்சம் படாமலே கெடுவது எப்படி?

பிலிமில் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அது டப்பாவுக்குள் இருக்கிறது. ஆனால் எக்ஸ்ரே கதிருக்கு டப்பாவும் ஒன்றுதான், சூட்கேசும் ஒன்றுதான். இரண்டையும் ஊடுருவிச் சென்று பிலிமைத் தொடும். ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ராண்ட்கன் 1895-ம் ஆண்டில் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். மனைவியின் கை எலும்பை அவர் படம் பிடித்ததும் போட்டோத் தகட்டில்தான். கதிர் பட்டால் பிலிம் கருக்கும். ஆஸ்பத்திரியில் நமக்கு உதவும் அதே குணம், விமான நிலையத்தில் நமக்கு எதிரி ஆகிவிடுகிறது.

செம்பூரில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பக்கத்தில் உள்ள டிராம்பே அணுசக்தி நிலையத்தில் வேலை செய்தவர்கள், முன்பு சட்டையில் ஒரு சிறிய பிலிம் பேட்ஜைக் குத்திக்கொள்வார்கள். அதைக் கழுவிப் பார்த்து, எவ்வளவு கருத்திருக்கிறது என்பதை வைத்து, அந்தத் தொழிலாளி மீது எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கிடுவார்கள். பின்னாளில் டி.எல்.டி. என்ற வேறு வகை பேட்ஜ் அதன் இடத்துக்கு வந்தது.

கதிர் பட்டதைப் பிலிம் மறைக்கவே மறைக்காது. இதற்கு ஒரு சம்பவம் உண்டு. 1945-ம் ஆண்டு ஜூலை மாதம், நியூ மெக்சிகோ பாலைவனத்தில் அமெரிக்கா முதல் அணுகுண்டை ரகசியமாக வெடித்துப் பார்த்தது. அதன் தூசு காற்றில் மிதந்து, ஆயிரம் மைலுக்கு அப்பால் இண்டியானா மாநிலத்தில் இருந்த ஓர் அட்டை ஆலையின் தண்ணீரில் கலந்தது. அங்கே செய்த அட்டையில் பொதிந்து வைத்த கோடக் கம்பெனியின் எக்ஸ்ரே பிலிமில் புள்ளி புள்ளியாகக் கறை விழுந்தது. ஊருக்குச் சொல்லாத ரகசியம் பிலிமுக்குத் தெரிந்துவிட்டது!

நம் தமிழ்நாட்டிலும் இந்தத் தொழில் நடந்தது. ஊட்டியில் 1960-ம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம், 1967-ல் உற்பத்தியை ஆரம்பித்தது. "இந்து" என்ற பெயரில் காமிரா பிலிமும், ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் அங்கே தயாராயின. தூசி இல்லாத, குளிர்ந்த மலைக்காற்று பிலிம் தொழிலுக்கு ஏற்றது. அந்த ஆலை பின்னர் நலிந்து மூடப்பட்டது. ஆனாலும் "இந்து" சுருளில் எடுத்த படங்கள் இன்றும் எத்தனையோ தமிழர் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன.

எந்திரம் ஒன்றல்ல, மூன்று

விமான நிலையத்தில் எக்ஸ்ரே எந்திரம் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கக்கூடாது.

முதலாவது, கைப்பையைச் சோதிக்கும் பழைய வகை எந்திரம். இதன் கதிர் குறைவானது. பிலிம் டப்பாவில் 100, 200, 400 என்று ஓர் எண் போட்டிருக்கும். அது பிலிமின் வேகம். எண் கூடக்கூட, பிலிம் கதிரைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். 400 வரை உள்ள பிலிம் ஓரிரு தடவை இந்த எந்திரத்தில் போனால் கண்ணுக்குத் தெரியும் கெடுதல் வராது. 800-ம் அதற்கு மேலும் உள்ளது போகவே கூடாது. இன்ஸ்டாக்ஸ் பிலிமின் வேகம் 800 என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கவுண்டரில் ஒப்படைக்கும் பெட்டியைச் சோதிக்கும் எந்திரம். இதுதான் பெரிய வில்லன். 1990-களில் வந்த இவ்வகை எந்திரம், சந்தேகப்படும் பொருளைக் கண்டால் அந்த இடத்தில் பலமான கதிரைப் பாய்ச்சிப் பார்க்கும். அந்த இடத்தில் பிலிம் இருந்தால், ஒரே தடவையில் கெட்டுவிடும். எத்தனை குறைந்த வேகப் பிலிமாக இருந்தாலும் தப்பாது.

மூன்றாவது, புதிதாக வந்திருப்பது. ஆஸ்பத்திரி சி.டி. ஸ்கேன் போல, கைப்பையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கும் எந்திரம். ஆம்ஸ்டர்டாம், லண்டன் ஹீத்ரோ போன்ற விமான நிலையங்களில் இது வந்துவிட்டது. இந்தியாவிலும் படிப்படியாகக் கொண்டுவர ஏற்பாடு நடக்கிறது. இதில் எந்தப் பிலிமையும், ஒரு தடவை கூட விடவேண்டாம் என்று பிலிம் கம்பெனிகளே எச்சரிக்கின்றன. "லாப்டாப்பை வெளியே எடுக்க வேண்டாம், பையோடு வையுங்கள்" என்று ஊழியர் சொன்னால், அங்கே இருப்பது பெரும்பாலும் இந்தப் புது எந்திரம் என்று புரிந்துகொள்ளலாம்.

கெட்டுப்போன பிலிம் எப்படி இருக்கும்? முழுப்படத்திலும் பனிமூட்டம் படிந்ததுபோல் மங்கல் இருக்கும். கருப்பு கருப்பாக இராது, சாம்பல் நிறமாக வெளுக்கும். சில சமயம் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை விழும். பிலிம் சுருண்டு இருப்பதால், அந்தப் பட்டை அலை அலையாக எல்லாப் படத்திலும் ஓடும். கழுவுகிறவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அதை எடுக்க முடியாது.

இன்னொன்று. எக்ஸ்ரே கெடுதல் கூடிக்கொண்டே போகும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, இடையில் விமானம் மாறினால் மேலும் ஒரு தடவை என்று எல்லாம் ஒரே சுருளின் கணக்கில் சேரும். ஐந்து தடவைக்கு மேல் போன பிலிமைக் கையால் சோதிக்கும்படி கேட்கலாம் என்பது அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறை சொன்ன யோசனை.

சோதனை ஏன் இவ்வளவு கடுமை?

இதைப் படித்துவிட்டு எந்திரத்தின் மீது கோபப்படுவது சரியல்ல. அது சும்மா வந்துவிடவில்லை.

1984-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி இரவு, சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சூட்கேசில் இருந்த குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23-ந் தேதி, ஏர் இந்தியாவின் "கனிஷ்கா" விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்துச் சிதறியது. 329 பேர் மாண்டனர். அந்தக் குண்டும் பயணி ஒப்படைத்த பெட்டியில்தான் இருந்தது. டொராண்டோவில் அன்று எக்ஸ்ரே எந்திரம் பழுதாகி நின்றுவிட்டது என்பது பின்னர் வெளிவந்த வேதனையான செய்தி.

1978-ல் தொடங்கப்பட்ட விமானப் பாதுகாப்புப் பிரிவு, 1987 ஏப்ரலில் தனித் துறை ஆனது இதன் பிறகுதான். 2000-ம் ஆண்டு முதல் மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் விமான நிலையங்களில் காவல் ஏற்றனர். ஆகவே சோதனை நமக்காகத்தான். நமக்குத் தெரியவேண்டியது, அந்தச் சோதனைக்குள் பிலிமை எப்படிக் காப்பது என்பதே.

கல்யாணில் இருந்து புறப்படும்போதே...

விமான நிலையத்துக்குப் போன பிறகு யோசிக்கக்கூடாது. வீட்டில் பெட்டி கட்டும்போதே யோசிக்க வேண்டும்.

கல்யாணில் இருந்து வேக லோக்கலில் காட்கோபர் வந்து, மெட்ரோவில் மரோல் நாகா போய், அங்கே மூன்றாம் தட மெட்ரோவுக்கு மாறினால், விமான நிலையத்துக்குப் போய்ச் சேரலாம். சவுகரியமான வழிதான். ஆனால் மெட்ரோ நிலையத்திலும் பையை எக்ஸ்ரே எந்திரத்தில் போடச் சொல்வார்கள் என்பதை மறக்கக்கூடாது. விமான நிலைய வாசலை மிதிக்கும் முன்பே உங்கள் பிலிம் ஒரு தடவை கதிர் வாங்கிவிடும். எனவே அங்கேயும் பிலிமைத் தனியே எடுத்துக் காட்டுவது நல்லது.

செய்யவேண்டியவை இவை:

பிலிமை ஒப்படைக்கும் பெட்டியில் ஒருபோதும் வைக்கவேண்டாம். கைப்பையில் வையுங்கள். காமிராவுக்குள் பிலிம் மாட்டியிருந்தால் அந்தக் காமிராவும் கைப்பையில்தான்.

சுருள்களை அட்டைப்பெட்டியில் இருந்து எடுத்து, உள்ளே இருப்பது தெரியும்படி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சோதிப்பவருக்கு வேலை சுலபம். உங்கள் மீது சந்தேகமும் வராது.

கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து முன்கூட்டியே போய்விடுங்கள். பை பெல்ட்டில் ஏறும் முன்பே, பாதுகாப்பு ஊழியரிடம் பணிவாகக் கேளுங்கள். இந்தியில் இப்படிச் சொன்னால் போதும்: "சார், யே காமிரா கா பிலிம் ஹை. எக்ஸ்ரே ஸே கராப் ஹோ ஜாயேகா. ஹாத் ஸே செக் கர் லீஜியே." நம் ஊர் விமான நிலையங்களில் தமிழிலேயே கேட்கலாம்.

கையால் சோதிப்பதும், மறுப்பதும் அங்கே இருக்கும் அதிகாரியின் முடிவு. மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். பழைய வகை எந்திரமாக இருந்து, உங்கள் பிலிம் 400-க்குள் இருந்தால், ஒரு தடவை போவதால் பெரும் நஷ்டம் இல்லை.

ஈயப் பையில் போட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். திரையில் அது கருப்புக் கட்டியாகத் தெரியும். உடனே சந்தேகம் வரும். பையைத் திறக்கச் சொல்வார்கள். ஒப்படைத்த பெட்டியாக இருந்தால், அந்த இடத்திலேயே மீண்டும் கதிரைப் பாய்ச்சவும் கூடும்.

எல்லாவற்றிலும் சிறந்த வழி, எடுத்த இடத்திலேயே பிலிமைக் கழுவிவிடுவது. கழுவிய நெகட்டிவையும், பிரிண்டையும் எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. எத்தனை எந்திரத்தில் வேண்டுமானாலும் போகலாம்.

டிஜிட்டல் காமிராவுக்கு?

டிஜிட்டல் காமிராவுக்கும், மெமரி கார்டுக்கும், செல்போனுக்கும் எக்ஸ்ரேயால் ஆபத்து இல்லை. இதில் பயம் வேண்டாம். ஆனால் வேறு ஒரு கவனம் தேவை.

லித்தியம் பேட்டரி தனியாக இருந்தால், அதை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக்கூடாது. கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். சாமான் அறையில் பேட்டரி தீப்பிடித்தால் அணைக்க ஆள் இல்லை என்பதே காரணம். ஒரு பேட்டரி 100 வாட்-மணி வரை இருக்கலாம். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். 7.2 வோல்ட், 1.2 ஆம்பியர்-மணி என்றால் எட்டரை வாட்-மணிதான். சாதாரண காமிரா பேட்டரிகள் எல்லாம் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். முனைகளில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போகும் தொழில்முறை போட்டோகிராபர்கள், காமிராவையும் லென்சையும் கையில் வைத்துக்கொண்டு, மூன்று கால் ஸ்டாண்டைப் பெட்டியில் போடுவது வசதி. உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குக் கைப்பை எடை பெரும்பாலும் 7 கிலோதான். வீட்டிலேயே எடை பார்த்துவிடுங்கள்.

கண்ட இடத்தில் கிளிக் வேண்டாம்

காமிரா கையில் இருந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து படம் எடுக்க ஆசை வரும். 1937-ம் ஆண்டு விமான விதிகளின்படி, விமானத்திலும் விமான நிலையத்திலும் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக்கூடாது. 2004-ம் ஆண்டு டிசம்பரில் பயணிகளுக்கு இதில் சலுகை தரப்பட்டது. ஆனால் பாதுகாப்புச் சோதனை நடக்கும் இடத்தில் கூடாது. ராணுவத்துக்குச் சொந்தமான விமான நிலையங்களிலும் கூடாது. புனேயும், கோவாவின் டாபோலிமும் அப்படிப்பட்டவை. 2025 மே மாதம், இத்தகைய நிலையங்களில் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஜன்னல் திரையை மூடிவைக்கும்படி உத்தரவும் வந்தது. விமானப் பணிப்பெண் "வேண்டாம்" என்றால் காமிராவை உள்ளே வைத்துவிடுவதே மரியாதை.

துபாய் போகிறவர்களுக்கு

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போன தமிழர்களில் ஏராளமானோர் பம்பாய் வழியாகத்தான் போனார்கள். 1981-ல் சகார் முனையம் திறந்த பிறகு, திரும்பி வருகிறவர் தோளில் தொங்கும் புதுக் காமிராதான் ஊரில் அவருக்கு மதிப்பு. அதற்குச் சுங்க அதிகாரியிடம் கணக்குச் சொல்லிவிட்டு வெளியே வருவதற்குள் வியர்த்துவிடும்.

இன்றும் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இங்கே வாங்கிய விலை உயர்ந்த காமிராவை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால், திரும்பும்போது "அங்கே வாங்கியதா?" என்ற கேள்வி வரலாம். புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காமிராவைக் காட்டி, அதன் நம்பரைக் குறித்து, சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது வரி கேட்கமாட்டார்கள். வாங்கிய ரசீதும் கையில் இருக்கட்டும். புதிதாக வாங்கி வருகிறவர்களுக்குத் தீர்வை இல்லாத வரம்பு 2016-ம் ஆண்டு விதிகளில் 50 ஆயிரம் ரூபாயாக இருந்தது. இது மாறக்கூடியது. பயணத்துக்கு முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மும்பைக்கு வந்த கடைசிச் சுருள்

1935-ம் ஆண்டு முதல் உலகம் முழுவதும் பெயர்பெற்ற கோடாக்குரோம் கலர்ப் பிலிமை, 2009-ம் ஆண்டு கோடக் கம்பெனி நிறுத்திவிட்டது. பச்சைக் கண் ஆப்கான் பெண்ணின் படத்தை எடுத்துப் புகழ்பெற்ற ஸ்டீவ் மெக்கரி, ஆலையில் தயாரான கடைசிச் சுருளைக் கேட்டு வாங்கினார். அதில் 36 படம்தான் எடுக்கலாம்.

உலகமே அவர் முன் இருந்தது. அவர் அந்தச் சுருளோடு விமானம் ஏறி இந்தியாவுக்கு வந்தார். மும்பையில் இந்திப்பட உலகின் சிலரைப் படம் எடுத்தார். ராஜஸ்தானில் ரபாரி மக்களை எடுத்தார். பிறகு 2010 ஜூலையில், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் இருந்த கழுவும் கூடத்துக்கு, அந்தச் சுருளைத் தாமே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வகைப் பிலிமைக் கழுவும் கடைசி இடம் அது. அங்கும் அந்த ஆண்டு டிசம்பரோடு வேலை நின்றுவிட்டது.

அவர் சுருள் உலகப் புகழ் பெற்றது. கல்யாணில் ஒரு சாளில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடக்கும் சுருளுக்கு அந்தப் புகழ் இல்லை. ஆனால் அதில் ஒரு வீட்டின் தாத்தா இருக்கலாம். வயலில் நிற்கும் அப்பா இருக்கலாம். வேறு எந்தப் படத்திலும் இல்லாத ஒரு சிரிப்பு இருக்கலாம். மீண்டும் எடுக்க முடியாத படம் என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான்.

ஊருக்குப் புறப்படும் முன் அந்தப் பெட்டியை ஒருமுறை கிளறிப் பாருங்கள். சுருள் கிடைத்தால், இங்கேயே கழுவக் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் கையில் எடுத்துப் போங்கள். பெட்டியில் மட்டும் போடாதீர்கள்.